ஒரு கிராம் விருந்தாளி

அத்தியாயம் ஐந்து

பூனையைப் பட்டினி போட்டவனைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், அதுவும் சாயங்காலத்துக்குள் என்று யாராவது போன் செய்தால், மற்ற துப்பறியும் நிபுணர்கள் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். சல்லடை மேடம் சிரிக்கவில்லை. "வர்றோம். அதுவரைக்கும் பூனையைச் சாக விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடினார். எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் பின்னால் ஓடிய உதவியாளனுக்கு ஒட்டடை என்று பெயர் வந்ததற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. ஆறடி உயரம். அவனுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதை அவனுடைய பெல்ட்டே அரைமனதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தது.

"போன வாரம் கொலை கேஸ், இந்த வாரம் பூனை கேஸ். அடுத்த வாரம் எங்க வீட்டுக் கொசுவைக் காணோம்னு வருவாங்க மேடம்," என்றான் வழியில்.

"கொசுவைக் காணோம்னா தேடவா சொல்லுவாங்க? வாயை மூடிக்கிட்டு வா."

வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாயையும் பூனையையும் விட்டுவிட்டுப் போகிற விடுதி அது. நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கம்பிக்கதவு போட்ட அறைகள், ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு சின்னப் பச்சை விளக்கு. மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவிய தரையின் வாசனையும் ஈர நாய் வாசனையும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. நாய்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். நாய் முடி பட்டால் தும்முகிற ஒருவர் நாய் விடுதி நடத்துவதைப் பற்றி ஒட்டடைக்கு நாலு நகைச்சுவை தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்ததும் நாலையும் விழுங்கிவிட்டான்.

"திருடன் யாருன்னு எனக்கே தெரியும். ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க," என்றார் அவர். "அதோ, ஸ்டூல்ல உக்காந்திருக்கிற ஆளுதான். சமையல்காரர். ஆரம்பத்துலேர்ந்து இங்கதான் இருக்கார். நேத்து வரைக்கும் அண்ணேன்னு கூப்பிட்டேன். சாயங்காலம் பூனையோட சொந்தக்காரம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க. அவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இன்ஸ்பெக்டரையும் அதே நேரத்துக்கு வரச் சொல்லிட்டேன். கையோட ஒப்படைச்சிடப் போறேன்."

சமையல்காரர் தலையைத் தூக்கவில்லை. அறுபதைத் தொடும் வயது, மாவு படிந்த ஏப்ரன். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தார். ஒட்டடைக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. திருடர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான், இவ்வளவு அவமானத்தோடு உட்கார்ந்த திருடனைப் பார்த்ததில்லை.

பூனையின் பட்டப்பெயர் மகாராணி. மூன்றாம் அறையில் ஒரு மெத்தையில் கிடந்தது. வந்தபோது எடுத்த போட்டோ கதவில் தொங்கியது. போட்டோவில் இருந்தது பூனை, உள்ளே இருந்தது அதன் உறை.

"சாப்பாடு எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டார் மேடம்.

சமையல்காரர் எழுந்து நின்று பதில் சொன்னார். "சாப்பாட்டு நேரத்துல கம்ப்யூட்டர் விளக்கு போடும்மா. எந்தக் கதவுல விளக்கு எரியுதோ அந்த ரூமுக்குப் பொட்டலம் வைக்கணும். எரியாத ரூமுக்கு வைக்கக் கூடாது. அது டாக்டர் சொன்ன பட்டினி. முன்னாடி ஒரு தடவை ஆபரேஷனுக்கு முன்னால ஒரு நாய் அழுதுச்சேன்னு பாவம் பாத்து வச்சுட்டேன், அது பெரிய ரகளையாயிடுச்சு. அன்னிலேர்ந்து அம்மா உத்தரவு, விளக்கு எரிஞ்சாதான் சோறு. மகாராணி ரூமுல விளக்கு எரியறதே இல்ல."

"பொய்," என்றார் முதலாளியம்மா. "நான் ஒரு நாள் பூரா இங்கயே தும்மிக்கிட்டே காவல் நின்னேன். மூணு வேளையும் எரிஞ்சுது."

"அன்னிக்கு எரிஞ்சுதும்மா. மறுநாள் எரியல."

"ஒவ்வொரு வேளையும் ஒரு பொட்டலம் மிச்சமாவுது. அதை வாசல்ல இருக்கிற தெருநாய்க்குப் போடுறார். அதைப் போய்ப் பாருங்க, உருண்டையா ஆயிடுச்சு."

"கெட்டுப் போற சாமானை வேற என்னம்மா பண்றது," என்றார் சமையல்காரர். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, "எனக்குக் குடுக்கிற டீயில பாலைத் தனியா எடுத்து அதுக்கு ஊத்துவேன். அது என் பால். அதுக்கு விளக்கு கிடையாதே."

பூனை ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது ஒட்டடைக்குப் புரிந்தது. இத்தனை நாளாக இந்த மனுஷன் கடுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மேடம் மிச்சப் பொட்டலம் என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டார். "எப்பவும் ஒண்ணுதான் மிச்சமாகுமா? ரெண்டு, மூணு?"

"எப்பவும் ஒண்ணுதாம்மா."

"வேற யாராவது புகார் சொல்லியிருக்காங்களா?"

"ரெண்டு மாசமாவே சொல்றாங்க," என்றார் முதலாளியம்மா. "முயல் இளைச்சிருச்சு, குட்டி நாய் இளைச்சிருச்சுன்னு. பெரிய நாய்க்காரங்க யாரும் சொல்றதில்ல. கடிக்காத ஜீவனாப் பாத்துத்தான் திருடியிருக்கார். ஒரு கிளி ஒரே ஒரு நாள்தான் தங்கிச்சு. அதுக்கு முன்னாடி 'வணக்கம்' மட்டும்தான் சொல்லுமாம். வீட்டுக்குப் போனதுலேர்ந்து 'பசிக்குதா, பசிக்குதா'ன்னு கத்துதாம்."

"நான்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்," என்றார் சமையல்காரர் மெதுவாக.

"கிளி தங்கினது எந்த நாள்?"

முதலாளியம்மா யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. "நான் காவல் நின்ன அன்னிக்குத்தான்."

"அப்ப, கிளி பட்டினி கிடந்த அன்னிக்குப் பூனை சாப்பிட்டிருக்கு," என்றார் மேடம். "வேளைக்கு ஒரே ஒரு வயித்தைத்தான் காயப் போடுவேன்னு விரதம் எடுத்த திருடனை நான் இப்பத்தான் பாக்கிறேன். விளக்குக்கு யாரு பொறுப்பு?"

விளக்குக்குப் பொறுப்பு மாப்பிள்ளை. முதலாளியம்மாவின் ஒரே மகளைக் கட்டியவர். கண்ணாடி அறைக்குள் மூன்று திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளை என்பதால் அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவரும் மறுசொல் வருகிற மாதிரி எதையும் புரியும்படி சொன்னது கிடையாது.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க," என்று ஆரம்பித்தார். "ஆளுதான் பொய் சொல்லுவார். இங்க பாருங்க, விருந்தாளிகள் பன்னிரண்டு. மகாராணி பேர் இருக்கு, ரூம் மூணு, சாப்பாடு உண்டு. இது பல்பு டெஸ்ட்." ஒரு பட்டனைத் தட்டினார். தாழ்வாரத்தில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. மூன்றாம் அறையும்தான். "ஒயர்ல கோளாறு இல்ல."

"இந்த விளக்கையெல்லாம் யார் போடுறது?"

"நான் எழுதின ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்குக் குடுக்கிற கட்டளை வரிசை. ரெண்டு மாசம் முன்னாடி புதுசா மாத்தினேன். விருந்தாளிங்க விவரமெல்லாம் டேட்டாபேஸ்ல இருக்கு. என் ஸ்கிரிப்டுக்கு டேட்டாபேஸோட நேராப் பேச வராது. நடுவுல ஒரு டிரைவர் க்ளாஸ் இருக்கு. அதுதான் இங்கேர்ந்து கேள்வியைக் கொண்டு போய், அங்கேர்ந்து பதிலைக் கொண்டு வரும்."

"கல்யாணத் தரகர் மாதிரி," என்றான் ஒட்டடை.

"பழைய டிரைவர் க்ளாஸ் எடுத்த எடுப்புலயே மொத்தம் இத்தனை பேர்னு சொல்லிடும். புதுசு ரொம்ப வேகம், ஆனா எண்ணிக்கை சொல்லாது. கேட்டா, தெரியாதுங்கிறதுக்கு மைனஸ் ஒண்ணுங்கும்."

"முன்கோபக்காரர் போல."

"ஒருத்தரைக் குடுன்னா ஒருத்தரைக் குடுக்கும். அடுத்தவரைக் குடுன்னா அடுத்தவரைக் குடுக்கும். தீர்ந்து போச்சுன்னா வெறுங்கையைக் காட்டும். அவ்வளவுதான்."

மேடம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தனக்குப் புரியாத இடத்தில் மேடம் தலையாட்டமாட்டார் என்பது ஒட்டடைக்குத் தெரியும். அவனுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"இப்ப அதை ஓட்டிக் காட்டுங்க," என்றார் மேடம்.

மாப்பிள்ளை ஓட்டினார். தாழ்வாரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. முதலில் ஏழாம் அறை, பிறகு பதினொன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்பது. கடைசியாக ஐந்தாம் அறை. மூன்றாம் அறை விளக்கு கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை.

முதலாளியம்மா சமையல்காரரைப் பார்த்தார். சொல்லி அலுத்துப்போன முகம் அது.

"ஒயரை ஏதோ பண்ணி வச்சிருக்கார் அத்தை," என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் முன்னால் ஒயரில் கோளாறு இல்லை என்று சொன்னவரும் அவரேதான்.

"சரி, அதையும் பாத்துடுவோம். ஒட்டடை, அந்த அஞ்சாம் நம்பர் நாயைக் கூட்டிட்டு வந்து பூனை ரூமுல விடு. பூனையை அங்க கொண்டு போ. மாப்பிள்ளை, அதே மாதிரி கம்ப்யூட்டர்லயும் ரூமை மாத்திடுங்க."

ஐந்தாம் அறை நாய்க்கு விடுதியில் பீப்பாய் என்று பெயர். ஒட்டடை அதை அழைத்துக்கொண்டு போனான் என்று எழுதினால் அது பொய். பீப்பாய்தான் அவனை அழைத்துக்கொண்டு தாழ்வாரத்தை இரண்டு முறை சுற்றிக் காட்டிவிட்டு, சமையலறையை எட்டிப் பார்க்க வைத்து, கடைசியில் தன் விருப்பப்படி மூன்றாம் அறைக்குள் நுழைந்தது. பூனையை அவன் ஒரு கையில் தூக்கினான். அது கனக்கவே இல்லை. அப்போது அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

மறுபடி ஓட்டினார்கள். எப்போதும் எரியாத மூன்றாம் அறையில் பீப்பாய்க்கு ஜோராக விளக்கு எரிந்தது. ஐந்தாம் அறையில் பூனைக்கு எரியவில்லை.

"ஒயர் நல்லாத்தான் இருக்கு," என்றார் மேடம். "விளக்குக்குப் பூனையைத்தான் பிடிக்கல. மாப்பிள்ளை, விளக்கு ஏன் ஒண்ணு, ரெண்டுன்னு ரூம் வரிசையில எரியாம இங்கயும் அங்கயும் தாவுது?"

"அது எடை வரிசைங்க. அத்தை சொன்னது."

"சின்னதுங்களுக்கு முதல்ல போடணும்," என்றார் முதலாளியம்மா. "பெருசுங்களுக்கு முதல்ல வச்சா அதுங்க போடுற சத்தத்துல சின்னதுங்க பயந்துக்கிட்டுச் சாப்பிடாது. வாரா வாரம் எடை பாத்து, குறைஞ்ச எடைக்காரங்களை முதல்ல வைக்கச் சொல்லியிருக்கேன். வாயில்லாத ஜீவன். நாமதானே பாத்துக்கணும்?"

மேடம் ஒட்டடையின் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கம். வந்தால் வம்பு நிச்சயம்.

"பதிமூணாம் ரூம் காலிதானே? மாப்பிள்ளை, புதுசா ஒரு விருந்தாளி பதிஞ்சுக்குங்க. பேர், ஒட்டடை."

"மேடம்."

"என்ன ஜாதின்னு கேக்குதுங்க," என்றார் மாப்பிள்ளை. "நாய், பூனை, பறவை, மற்றவை."

"மற்றவை. எடை பூஜ்யம்."

"பூஜ்யத்தை எடுத்துக்காது."

"அப்ப ஒரு கிராம்."

"மேடம், காலையில நாலு தோசைக்கு மேல... சரி, அதை விடுங்க. ஒரு தபால் கார்டே அதுக்கு மேல வருமே. பதிஞ்சா பதிஞ்சுட்டுப் போகட்டும், நான் ஏன் உள்ள போய் உக்காரணும்?"

"வெளிய நின்னா அது பொய்ப் பதிவு. நான் பொய் எழுத மாட்டேன்."

"ஒரு கிராம் மட்டும் மெய்யா?"

"அது தோராயம். போ உள்ள."

போனான். நாய்க்குக் கட்டிய அறை என்பதால் முட்டி காதைத் தொட உட்கார்ந்தான். எதிர் அறையில் இருந்த ஒரு குள்ள நாய் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த விடுதியின் தரம் இறங்கிவிட்டது என்கிற மாதிரி திரும்பிப் படுத்துக்கொண்டது. சமையல்காரர் பொட்டலத் தட்டோடு தாழ்வாரத்தின் முனையில் நின்றார். மதியச் சாப்பாட்டு நேரமே வந்துவிட்டது. நிஜச் சாப்பாடு, நிஜ விளக்கு.

மாப்பிள்ளை தட்டினார்.

முதல் விளக்கு எரிந்தது. ஐந்தாம் அறை. மகாராணியின் தலைக்கு மேலே பச்சையாக, சந்தேகமே இல்லாமல்.

சமையல்காரர் அதை நம்பவில்லை. கிட்டே போய், கழுத்தை நீட்டி விளக்கைப் பார்த்தார். முதலாளியம்மாவைப் பார்த்தார். அவர் தலையாட்டியதும்தான் குனிந்து பொட்டலத்தைப் பிரித்தார். பூனை சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, யாரும் பிடுங்கப் போறதில்ல" என்று பூனைக்குச் சொன்னார். ஏழு எரிந்தது, பதினொன்று எரிந்தது, பீப்பாய்க்கும் எரிந்தது. பன்னிரண்டு விலங்குக்கும் சோறு கிடைத்தது. தாழ்வாரம் முழுக்க நக்குகிற சத்தம்.

பதிமூன்றாம் அறை மட்டும் இருட்டாக இருந்தது.

"எல்லாருக்கும் வந்துச்சு, எனக்கு மட்டும் வரல," என்றான் ஒட்டடை கம்பிக்குப் பின்னாலிருந்து. சோதனைதான் என்று தெரிந்தும், பந்தியில் விட்டுப்போன மாதிரி அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தட்டில் ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது.

"வர்றேன், இரு," என்றார் மேடம். "மாப்பிள்ளை, உங்க ஸ்கிரிப்ட் என்ன பண்ணுதுன்னு வரிசையா வாயால சொல்லுங்க. எனக்கு எழுத்தெல்லாம் வேண்டாம்."

"டிரைவர் க்ளாஸை வச்சு டேட்டாபேஸைத் திறக்கிறேன். எடை வரிசையில எல்லாரையும் கேக்கிறேன்."

"அப்புறம்?"

"ஒருத்தருமே இல்லன்னா, இன்று விருந்தாளிகள் இல்லைன்னு திரையில காட்டணும். அதனால யாராவது இருக்காங்களான்னு பாக்கிறேன்."

"எப்படிப் பாக்கிறீங்க? அது எண்ணிக்கை சொல்லாதுன்னீங்களே."

"ஆமாங்க, அதனால ஒருத்தரைக் குடுன்னு வாங்கிப் பாப்பேன். குடுத்துச்சுன்னா ஆள் இருக்குன்னு அர்த்தம்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்தவரைக் குடு, அடுத்தவரைக் குடுன்னு வாங்கி வாங்கி ஒவ்வொருத்தருக்கா விளக்கு போடுவேன்."

"சரி. முதல்ல ஒருத்தரை வாங்கினீங்களே, அவரை எங்க வச்சீங்க?"

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், மேலே போனார், கீழே வந்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பீப்பாய் ஏப்பம் விட்டது.

"எங்கயும் வைக்கலீங்க," என்றார்.

"டிக்கெட் கவுண்டர்ல கூட்டம் இருக்கான்னு பாக்க, வரிசையில முதல்ல நின்ன ஆளை உள்ள கூப்பிட்டு, 'ஓ, கூட்டம் இருக்கு'ன்னு சொல்லிட்டு, அவரை அப்படியே பின்வாசல் வழியா அனுப்பிட்டீங்க. ரெண்டாவது ஆள்லேர்ந்து டிக்கெட் குடுத்திருக்கீங்க. அவர் அடுத்த வேளை மறுபடி வந்து நிக்கிறார். பட்டினி கிடந்து எடை இன்னும் குறைஞ்சு போச்சு, அதனால மறுபடியும் அவர்தான் முதல் ஆள். மறுபடியும் பின்வாசல். கிளி வந்த அன்னிக்கு மட்டும் கிளி முதல்ல நின்னுச்சு, பூனை தப்பிச்சுது. இன்னிக்கு இவன் நின்னான்."

"நல்லவேளை, ஒரு வேளையோட போச்சு," என்றது பதிமூன்றாம் அறை.

மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. வாங்கின முதல் ஆளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவருக்கு விளக்குப் போட்டபிறகு அடுத்தவரைக் கேட்கிற மாதிரி இரண்டு வரியை மாற்றினார். மறுபடி ஓட்டினார். ஒட்டடையின் தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. சமையல்காரர் உத்தரவுப்படி அவன் முன்னால் ஒரு பொட்டலம் நாய்ச்சோறு வைத்தார்.

"இது முறைதான் தம்பி. விளக்கு எரிஞ்சா வைக்கணும்," என்றார். அன்றைக்கு அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

முதலாளியம்மா போனை எடுத்து, இன்ஸ்பெக்டர் வர வேண்டாம் என்று சொன்னார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "திருடன் கிடைச்சுட்டான், வீட்டு ஆளுதான்" என்று சொல்லி வைத்தார். பிறகு சமையல்காரர் முன்னால் போய் நின்றார். கைக்குட்டையை எங்கோ போட்டுவிட்டார்.

"சின்னதுக்கு முதல்லன்னு சொன்னவ நான். அதைப் பட்டினி போட்டது நான். பேர் மட்டும் உங்க தலையில விழுந்துச்சு. என்னை மன்னிச்சுடுங்கண்ணே. பூனைக்காரம்மா வந்தா நானே சொல்லிக்கிறேன். உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க. எதுவானாலும் சரி."

சமையல்காரர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "ஒரு நாள் லீவு குடுத்தீங்கன்னா போதும்மா."

"லீவா? அதான் வாரா வாரம் உண்டே. வேலை பாக்கிறவங்க எல்லாருக்கும் போன்ல மெசேஜ் வருதே, நாளைக்கு உங்களுக்கு ஓய்வுன்னு."

"எல்லாருக்கும் வருதும்மா. எனக்கு ரெண்டு மாசமா வரல."

கண்ணாடி அறைக்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

"கேட்டிருக்கக் கூடாதா அண்ணே?"

"சோத்தைத் திருடுறான்னு பேர் கட்டியிருக்கிற நேரத்துல லீவு கேட்டா, ஓடப் பாக்கிறான்னுதானே நினைப்பீங்க? மெசேஜ் வரட்டும்னு இருந்தேன். என் பொண்ணுக்குப் பையன் பிறந்திருக்கான். போட்டோ அனுப்பினாங்க. நேர்ல பாக்கல."

ஒட்டடை நாய்ச்சோற்றுப் பொட்டலத்தோடு கம்பிக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். மேடம் கண்ணாடிச் சுவரை விரலால் தட்டினார்.

"லீவு மெசேஜ் அனுப்புறதும் நீங்க எழுதினதுதானா?"

"அதே ஸ்கிரிப்டைக் காப்பி பண்ணித்தாங்க," என்றார் மாப்பிள்ளை.

"அங்க என்ன வரிசை?"

"ரொம்ப நாளா வேலை பாக்கிறவங்க முதல்ல."

முதலாளியம்மா சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்காமல், அந்த வீட்டில் முதல்முறையாக மறுசொல் சொன்னார்.

"எழுந்திரிங்க. வண்டியை எடுங்க. அண்ணனை அவர் பொண்ணு வீட்டு வாசல்ல கொண்டு போய் விட்டுட்டு வாங்க. முதல்ல அவரை ஏத்துங்க. ஏறிட்டாரான்னு பாக்கிறேன்னு மறுபடி கீழ இறக்கி விட்டுட்டுப் போயிடாதீங்க."